பதினோராவது வீடு

முதலில் அது முப்பதாவது வீட்டில் வந்தது.
வலது கெண்டைக்காலில்
யாரோ ஈரத்துணி முறுக்கிப் பிழிவதுபோல.
நின்றால் போய்விடும்.
மூன்று நிமிடம். சில நாள் நாலு.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவனுக்கு
நிற்பது குற்றமில்லை.
வாசலுக்கு வாசல் நிற்கத்தானே சம்பளம்.
மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்கும்.
அதன் கீழே நின்று சிகரெட் பற்றவைப்பேன்.
புகை தீரும்போது வலியும் தீரும்.
சிகரெட்தான் சரிசெய்கிறது என்று
இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு.
பிறகு பதினேழு.
வாயு என்றான் மச்சான் மாதப்பன்.
பூண்டுப்பால் கொடுத்தான், தைலம் கொடுத்தான்.
தைலம் தேய்க்கையில்தான் கவனித்தேன்:
இடதுகாலில் இருக்கும் முடி
வலதுகாலில் இல்லை.
தர்மபுரிச் சித்திரை வெயிலில்
அந்தப் பாதம் மட்டும்
குழாயடிச் சிமெண்டுபோல் சில்லென்று.

பதினோராவது வீட்டிலேயே நிற்க ஆரம்பித்தபோது
பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

"எவ்வளவு தூரம் நடந்தா வலிக்குது?"
"பதினோரு வீடு, மேடம்."
"மீட்டர்ல சொல்லுங்க."
இருபத்தாறு வருடம் மீட்டரே எழுதியவன்
வாயடைத்து நின்றேன்.

கைக்குக் கட்டும் பட்டையைக்
கணுக்காலுக்குக் கட்டினார் டாக்டர் ஹேமப்பிரியா.
குளிர்ந்த பசை தடவி
பேனா மாதிரி ஒன்றை அழுத்தினார்.
இடதுகாலில் சத்தம் வந்தது,
தொப்பூர்க் கணவாயில் லோடு லாரி ஏறுவதுபோல.
வலதுகாலில் தேடினார்.
தேடினார்.
அடுத்த தெருவில் யாரோ வாசல் பெருக்குவதுபோல
ஏதோ ஒன்று.

கையில் நூற்றைம்பது. கணுக்காலில் எண்பத்தேழு.
வகுத்து அட்டையில் எழுதினார்:
பூஜ்யம் புள்ளி ஐந்து எட்டு.
என்னை ஒருவர் கணக்கெடுப்பது அதுதான் முதல்முறை.

"நரம்புங்களா?"
"இல்ல, ரத்தக்குழாய். தொடையில அடைச்சிருக்கு.
உக்காந்திருந்தா தெரியாது. நடந்தா காலுக்குப் பத்தாது."
"லோ வோல்டேஜ்" என்றேன்.
பல்பு எரியும். மோட்டார் போட்டால் இழுக்காது.
"அதேதான். ஒயரைக் கடிக்கிற எலி
உங்க சட்டைப் பையில இருக்கு."
எடுத்து மேசைமேல் வைத்தேன்.
ஆறு மிச்சமிருந்தது.

ராத்திரிக்கு ஒரு மாத்திரை, கொழுப்புக்கு.
சாப்பிட்டபின் ஒன்று, ரத்தம் உறையாமலிருக்க.
செருப்பில்லாமல் நடக்காதே,
விரலில் சின்னப் புண் என்றாலும் அன்றைக்கே வா.
பிறகு நான் நம்பாத ஒன்று:
"தினமும் நடங்க. வலி வர்ற வரைக்கும்,
இன்னும் கொஞ்சம். தாங்கலைன்னா நில்லுங்க.
போனதும் மறுபடி."
"வலிக்குதுன்னுதானே மேடம் வந்தேன்?"
"அதுக்குத்தான் நடக்கச் சொல்றேன்.
மூணு மாசம். கேக்கலைன்னா சேலத்துல பலூன்."

சிகரெட் இல்லாமல் நிற்பது
வலியைவிடக் கஷ்டமாயிருந்தது.
கைக்கு வேலை வேண்டுமே.
பையில் பொட்டுக்கடலை போட்டுக்கொண்டேன்.

குமாரசாமிப்பேட்டையில் பதினோராவது வீடு
ஷம்ஷாத் பீவியுடையது.
கணக்கெடுப்பு இல்லாத மாதம் நான் வந்து நின்றதும்
ஸ்டூலை வெளியே தள்ளினார்.
"போன வருஷமே தெரியும் எனக்கு.
எங்க மீட்டர் படிக்குக் கீழ, உள்ள இருக்கு.
நீங்க வெளிய நின்னு
சுவத்தைப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

ஏழாவது வாரம்: பத்தொன்பது வீடு.
இரவில் இடது பாதத்தை வலதின்மேல் வைத்துப் பார்க்கிறேன்.
சில்லென்றுதான் இருக்கிறது இன்னும்.
இருபதாவது வீட்டில் ஒரு செவலை நாய்.
இன்று திரும்பி வந்தது
வலிக்குப் பயந்தா அதற்குப் பயந்தா
சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
நாளைக்குப் பொட்டுக்கடலையோடு
ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்.