மூணாவது சிலிண்டர்

இருபத்தெட்டு, இருபத்தேழு,
பத்தொன்பது, இருபத்தாறு.
கேஜைப் பார்த்துப் பார்த்துத்
தகரக் கதவில் சாக்கட்டியால் எழுதினான் தஸ்தகீர்.
மூன்றாவது எண்ணுக்குக் கீழே மட்டும்
இரண்டு கோடு.

மீட்டரில் நாலு லட்சத்து முப்பத்தேழாயிரம்.
பாதிக்கு மேல்
காசிமேட்டில் விடிகாலை மூன்று மணிக்கு
ஐஸ் பெட்டியோடு ஏறுகிற பெண்களைக்
கொடுங்கையூர், பெரம்பூர், மாதவரம் என்று
இறக்கிவிட்டு ஓடியது.
பின்சீட்டை என்ன போட்டுக் கழுவினாலும்
வஞ்சிரம் போகும், சங்கரா போகாது.

இப்போது மின்ட் மேம்பாலம் ஏற இரண்டாவது கியர்.
பின்னால் நீலமாகப் புகை.
ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஆயில் குடிக்கிறது,
டீசல் தனி.

"மூணாவதுக்கு மட்டும் புதுசு போட்டா?"
"போடலாம். மத்த மூணும் அதைப் பார்த்துப் பொறாமைப்படும்.
ஆறு மாசத்துல மறுபடி இங்கதான் வருவ."

மூலக்கடையில் ஹேம்சந்த்
கண்ணாடி மேஜைமேல் மூன்று டப்பா வைத்தார்.
கம்பெனி பிஸ்டன், செட்டு பதினாலாயிரம்:
ஸ்டிக்கரைச் சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ஊதா.
அந்தக் கம்பெனிக்கே வார்த்துக் கொடுப்பவர்கள்
தங்கள் பெயரில் விற்பது, எட்டாயிரத்து இருநூறு.
லோக்கல், நாலாயிரத்து அறுநூறு.
டப்பாவில் எழுத்துப் பிழை மட்டும் அசல்.

நாலாவதற்கு டப்பா இல்லை.
பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்.
சாக்கு மூடிய அரை என்ஜின், ப்ளாக்கோடு, பதினோராயிரம்.
"அறுபதாயிரம்கூட ஓடல. அப்பால நின்னுடுச்சி."

ஏன் நின்றது என்று கேட்கவில்லை.
சாக்கை விலக்கி டார்ச் அடித்தேன்.
சிலிண்டர் சுவரைச் சுற்றி
விரல் அகலத்துக்குத் துருவில் ஒரு வளையம்.
"ஹோன் பண்ணா போயிடும்" என்றார்.

இந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும்.
எங்கள் தெருவில் ஒன்பது நாள் இருந்தது.
சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே அதன் கோடு;
டிஸ்டம்பர் இரண்டு கை அடித்தும்
மேலே வந்துகொண்டே இருக்கிறது.
சாக்கை இழுத்து மூடினேன்.

செலின் அக்காவிடம் விலையெல்லாம் சொன்னேன்.
மாசக் கணக்கில் காசு கொடுப்பவள்,
கேட்கிற உரிமை இருக்கிறது.
"எதையோ போடு. பாலத்து மேல தள்ள வெக்காத."

வியாழக்கிழமை ஹெட்டைக் கழற்றினார்கள்.
மூன்றாவது துளை வட்டமாக இல்லை,
முட்டையாகியிருந்தது.
பிஸ்டன் தலையில் கரியைத் துடைத்துவிட்டு
என்னைக் கூப்பிட்டான் தஸ்தகீர்.
சின்னதாக ஒரு முத்திரை: இருபத்தைந்து.

ஏற்கெனவே ஒரு முறை கடைந்திருக்கிறார்கள்.

எனக்கு விற்ற புழல்காரர்
பானெட்டைத் தட்டிச் சொன்னார்:
"என்ஜினைத் திறந்ததே இல்ல தம்பி, கோயில் மாதிரி."
எனக்கு முன்னாலேயே ஒரு ஆள்
இதே போலப் புகைவிட்டு, இதே போல விலை கேட்டு,
ஏதோ ஒரு கண்ணாடி மேஜையில்
முழங்கையை ஊன்றி நின்றிருக்கிறார்.
எந்த டப்பாவை எடுத்தார் என்று
பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பெயர் தேய்ந்துவிட்டது.

இனி ஐம்பதுதான்.
ஐம்பதில் கம்பெனி போடுவதில்லையாம்.
ஊதா ஸ்டிக்கருக்காக
மூன்று ராத்திரி கணக்குப் போட்டதெல்லாம் வீண்.
எட்டாயிரத்து இருநூறு, நாலுக்கும்.
ரிங்கில் கை வைக்கவில்லை, பேரிங்கிலும் இல்லை.
க்ளோ ப்ளக் மட்டும் லோக்கல்;
நம்ம ஊரில் என்ன பெரிய குளிர்.

"இதுவும் தேஞ்சா?"
"எழுபத்தஞ்சு."
"அதுக்கப்புறம்?"
"ஸ்லீவ் அடிக்கலாம். சட்டை மாத்துற மாதிரி."
"அதுக்கும் அப்புறம்?"
தஸ்தகீர் டீ குடிக்கப் போய்விட்டான்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்
அறுபதைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு.
மூன்று மணிக்கு மின்ட் மேம்பாலத்தில்
எல்லா லாரியும் என்னைத் தாண்டிப் போகின்றன.
கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் புகை இல்லை.
ஐஸ் உருகி
செலின் அக்காவின் காலடியில் சொட்டுகிறது.
"இன்னாடா, ரிப்பேர் பண்ணியா இல்லியா?
மெதுவாப் போவுது."