சாக்குக் கழிவு

காலபோக அறுவடை. முரசுமோட்டை மில்லில்
தராசுக்குப் பக்கத்துக் கதிரை என்னுடையது.
மூடை ஏறும். முள் ஆடும், நிற்கும்.
அறுபத்தெட்டு.
சாக்குக்கு ஒன்று கழி, ஈரத்துக்கு ஒன்றரை.
கமக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
பேனையைத்தான் பார்ப்பார்கள்.

அப்படித்தான் நானும் பார்த்தேன்
தருமபுரம் கிளினிக்கில்
தாதி துஷ்யந்தினியின் பேனையை.
வெறுவயிற்றில் இருநூற்றுப் பதினெட்டு.
சிவப்பால் வட்டமிட்டாள்.
"சோறு எவ்வளவு சாப்பிடுறியள்?"
"சாதாரணமா."
"சாதாரணம் எண்டால் எத்தினை கோப்பை?"

நாளுக்கு இருநூறு மூடை நிறுக்கிறவளுக்குத்
தன் கோப்பை தெரியவில்லை.

சுவரில் படமொன்று தொங்கியது: காபோவைதரேற்று.
ஒன்பதாம் வகுப்பில் பாடமாக்கிய சொல்.
வெட்டிய கிழங்கில் அயடீன் விட்டு
நீலம் கறுக்கக் கறுக்கக் காட்டினார் விஞ்ஞான ரீச்சர்.
அந்த நீலம் என் பிட்டிலும் இருந்தது,
பாணில், மரவள்ளியில்,
சோறில்லை என்று நம்பி இரவில் தின்ற
பன்னிரண்டு இடியப்பத்திலும்.
"வாயிலதான் வேற வேற பேர், அக்கா.
இரத்தத்துக்குப் போனால் எல்லாம் சீனி."

செட்டிக்குளம் முகாமில் தந்ததும் இதுதான்.
மா, சீனி, அரிசி, கொஞ்சம் பருப்பு.
திரும்பி வந்து தறப்பாளின் கீழ் இருந்தபோதும்
மா, சீனி, அரிசி.
அப்போது எவரும்
எத்தனை கோப்பை என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி வாளியை இறுக்கி மூடினேன்.
குறைக்கவில்லை, நிறுத்தினேன்.
பாவற்காய், பொன்னாங்காணி, அவித்த முட்டை.
கிளிக்லசைட்டை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை.
"நெல்லு மில்லில இருந்துகொண்டு
சோத்தோட கோவமோ" என்றார் குணசிங்கம்,
எனக்கு முன்னால் குழைத்துக்கொண்டே.

பன்னிரண்டாம் நாள், பகல் பதினொரு மணி,
நாற்பத்திரண்டாவது மூடை.
எழுதியது ஏழா ஒன்றா தெரியவில்லை.
முதுகில் குளிர்ந்த வியர்வை.
பேனை நடுங்கியதா, மில் நடுங்கியதா?
எழுந்தேன் என்று நினைக்கிறேன்.
விழுந்தது தராசின் மேல்.

பழக்க தோஷம்.
மூடை தூக்கும் வினோகரன் முள்ளைப் பார்த்து
"ஐம்பத்தேழு!" என்று கூப்பிட்டானாம்.
ஒருவரும் சாக்குக்குக் கழிக்கவில்லை.

சாளம்பைக்குளத்து லொறிக்காரர் நசீர் நானா
தன் போத்தலைத் திறந்து
மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீயை
மிடறு மிடறாக என் வாயில் விட்டார்.
"குடிங்க தங்கச்சி, எங்க வாப்பாவுக்கும் இப்பிடித்தான்."
கால்மணி நேரத்தில்
உலகத்துக்கு விளிம்பு திரும்ப வந்தது.
எந்தச் சீனியில் வட்டம் விழுந்ததோ
அந்தச் சீனிதான் வந்து தூக்கிவிட்டது.

துஷ்யந்தினி பேசினாள், நல்லாகவே பேசினாள்.
"அளக்கச் சொன்னன். பட்டினி கிடக்கச் சொல்லேல்லை.
குளிசை போட்டால் அதுக்கும் ஏதாவது குடுக்கவேணும்."

இப்போது ஒரு தேத்தண்ணிக் கோப்பை,
தலைதட்டி. தீட்டாத சிவப்பரிசி.
முதலில் முருங்கையிலை வறை, பிறகு குளத்து விரால்,
சோறு கடைசியில், விருந்தாளி மாதிரி.
மில்லுக்கு வருகிறவர்கள்
வெள்ளையாய்த் தீட்டித் தா என்கிறார்கள்.
எனக்கு எழுதித் தந்த தவிடு
மாட்டுக்குப் போகிறது, கிலோக் கணக்கில்.
நிறுத்து விடுகிறவளும் நான்தான்.

பசிக்கிறது. பொய் சொல்லமாட்டேன்.
இரவு படுத்தால் தலைமுடியில்
புழுங்கிய நெல்லின் மணம்.
திரும்பிப் படுக்கிறேன், அதுவும் திரும்புகிறது.

போன வியாழன் நூற்று நாற்பத்தாறு.
"ஈரத்துக்கு ஏதும் கழிக்கமாட்டியளோ?" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
சிவப்புப் பேனையைத் திறந்து,
கொஞ்சம் யோசித்து,
வட்டம் போடாமலே மூடினாள்.