வாய்தா

கூடலூர் கோர்ட்டுக்கு எதிரே
பேக்கரிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே
ஒரு தட்டச்சு மெஷினும் நானும்
பதினோரு வருஷம்.
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
கார்பன் காப்பிக்கு அஞ்சு.

மெஷினுக்கு ஒரு கோளாறு.
'ய்' அடித்தால் தானாக ஒரு கட்டம் தாண்டும்.
நான் அடித்த மனுவிலெல்லாம் வாய்தா என்பது
வாய் தா என்றே விழுந்தது.
"யாரிது, கோர்ட்டில் வந்து வாய் கேட்பது?" என்று
நீதிபதி ஒருமுறை சிரித்தாராம்.
குமாஸ்தா பெஞ்சமின் வந்து சொன்னார்.
நானும்தான் சிரித்தேன்.

எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருவார்கள்.
மண்டபம் முகாம் முத்திரை விழுந்த அட்டை,
மேஸ்திரி கிறுக்கிய துண்டுச் சீட்டு,
எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில்.
வக்கீல் ஐயாயிரம் கேட்கிறார் என்பார்கள்.
ஐயாயிரத்துக்கு எத்தனை கிலோ கொழுந்து என்று
கண்ணிலேயே நிறுத்துப் பார்ப்பார்கள்.
நான் விரலால் காட்டுவேன்:
அந்தப் படி, இடது கைப்பக்கம்,
ரெக்கார்டு ரூமுக்கு அடுத்த கதவு,
இலவச சட்ட உதவி. ஆதார் நகல் போதும்.
போவார்கள். போன வேகத்தில் வருவார்கள்.
"சார் ஊட்டியிலருந்து வரணுமாம்.
நடுவட்டத்துல மரம் விழுந்திருச்சாம்."
மரம் விழாத வாரத்தில்
சார் விழுந்திருப்பார், காய்ச்சலில்.

மாரியாயியின் லயன் வீட்டு வழக்குக்கு
நாலு முறை மனு அடித்தேன்.
நாலாவது முறை கவனித்தேன்,
பார்க்காமலே போய்க்கொண்டிருந்தன விரல்கள்:
வாதி, பிரதிவாதி, மேற்படி சொத்து,
கனம் நீதிமன்றம் அவர்கள் தயவுகூர்ந்து...
எல்லாம் தெரிந்திருந்தது.
அடியில் கையெழுத்துப் போட மட்டும்
இன்னொருவர் வரவேண்டியிருந்தது.

மெஷினைப் பெஞ்சமினிடம் விட்டுவிட்டுக்
கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். வயது முப்பத்தாறு.
மூன்று வருஷம், வகுப்பில் எல்லோருக்கும் அக்கா,
ஒரு லெக்சரர் உட்பட.
சாயங்காலம் ஜெராக்ஸ் கடை வேலை.
தோட்டை அடகு வைத்துப்
பார் கவுன்சிலில் பெயர் பதிந்தேன்.
அடுத்த வருஷம்
கட்டணத்தைக் குறைத்துத் தீர்ப்பு வந்தது.
நல்ல தீர்ப்பு.
தோடு இன்னும் அடகுக் கடையில்தான்.

கறுப்புக் கோட்டு, யாரோ போட்டு விட்டது.
ஆடி மழையில் அது காய்வதாக இல்லை.
அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டேன்.
காலரில் பூஞ்சை. கைகளில் மீன்குழம்பு வாசம்.
அதோடுதான் போய் நின்றேன், மாரியாயிக்காக,
சட்ட உதவிப் பட்டியலில் கடைசிப் பெயராக.

முப்பத்தொரு வருஷம் கொழுந்து கிள்ளியவள்.
பணிக்கொடை வரவில்லை.
வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்கிறார்கள்,
கதவெண் பதினாறு.
எல்லாம் சொல்லத் தயாராக இருந்தேன்.
எஸ்டேட் வக்கீல் பாதி எழுந்து
ஒற்றைச் சொல் சொன்னார்.
வாய்தா.

"ஆட்சேபணை" என்றேன்.
என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.
நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.
ஏழு வருஷக் கட்டை மேலிருந்து கீழ்வரை புரட்டினார்.
அதில் அந்தச் சொல் இல்லை.
தேதி தந்தார். கூடவே
பிரதிவாதிக்குச் செலவுத் தொகை இருநூறு.

வராந்தாவில் இரண்டு நூறு ரூபாய்த் தாளையும்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் மாரியாயி.
"இதுதானா என் பணிக்கொடை?"
"இல்லைக்கா. இது அவங்க இன்னைக்குப் பேசாததுக்கு."
"உனக்கு?"
"நான் வாங்கக் கூடாது."
யோசித்தாள்.
"மூணாவது தடவை டைப்படிச்சதுக்கு முப்பது பாக்கி வச்சேனே?"

அது நிஜம். எனக்கே மறந்துபோயிருந்தது.
பேக்கரியில் சில்லறை மாற்றி வந்து கொடுத்தாள்.
ரசீது வேண்டும் என்றாள்,
ஏழு வருஷத்தில் அவளும் கொஞ்சம் படித்திருந்தாள்.

கோட்டோடு பழைய ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
மெஷின் இன்னும் அப்படியே.
ரூபாய் என்று அடித்தேன், ஒரு கட்டம் தாண்டியது,
முப்பது மட்டும்.
முதல் முறையாகச்
சரியான இடத்தில்.