பதிமூன்றாவது கொண்டை ஊசி

வார ஓய்வு நாளில் மூன்றாம் பாகம் பார்க்கப் போனேன்.
ஐந்து ரோட்டுத் தியேட்டர், காலை ஒன்பது மணிக் காட்சி.
கண்டக்டர் சாதிக் பாட்ஷா
முதல் பாகத்துக்கு அடித்த விசிலின் மிச்சத்தை
இன்னும் நாக்குக்கு அடியில் வைத்திருந்தான்.

முதல் பாகத்தில் அந்த ஆளுக்கு
ஒரு செருப்பு அறுந்துபோகும்.
அதோடே ஓடுவான்.
மழை. மண்வெட்டிக் காம்பு. எதிரே ஆறு பேர்.
அடி விழுந்தால் அவனுக்கு வலிக்கும்,
நமக்கும் கொஞ்சம்.

இரண்டாம் பாகத்தில் ஹெலிகாப்டர் வாங்கினான்.
பொறுத்துக்கொண்டோம்.

இப்போது
செத்த வில்லனின் கூடப்பிறந்தவன் ஒருவன்
அதே முகம், தாடி மட்டும் புதிது,
லிஸ்பனிலிருந்து வந்து இறங்குகிறான்.
முன்னூறு கோடியாம்.
நாயகனின் செருப்பு இனிமேல் அறுகாது;
காலில் இருக்கிறதா என்றே காட்டவில்லை.
இடைவேளைக்குள் பதினோரு பேர்
அவன் யார் தெரியுமா என்று
ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.
அவன் நடந்து வந்தான்.
நடந்து வந்தான்.
வந்துசேரவே இல்லை.

அப்புறம் துரத்தல்.
ஐரோப்பாவில் ஏதோ மலை என்று எழுத்துப் போட்டார்கள்.
என் கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது.

ஏற்காட்டு ரோடு.
பத்தொன்பது வருஷமாக ஏறி இறங்குகிறேன்,
இருபது வளைவும் என் தோள்பட்டையில் இருக்கிறது.
கம்ப்யூட்டரில் பனியைக் கொட்டியிருந்தார்கள்.
சில்வர் ஓக் மறைந்துவிட்டது.
தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கு மறையவில்லை.

“பதிமூணு” என்றேன்.
கார் வளைந்தது, வெடித்தது,
ஒருவன் பறந்துபோய் விழுந்தான்.
கொஞ்ச நேரத்தில்
“மறுபடியும் பதிமூணுண்ணே” என்றான் சாதிக்.
ஆமாம். அதே தார் ஒட்டு, அதே மைல்கல், அதே குரங்கு.
மூன்றாவது முறை வந்தபோது முன்வரிசையில் எவனோ,
“ஏம்ப்பா டிரைவர், பன்னெண்டு எப்ப வரும்?”
தியேட்டரே சிரித்தது.
படம் முழுக்க அந்த ஒரு சிரிப்புதான்.

நான் சிரிக்கவில்லை.
விழுந்த முதுகு எனக்குத் தெரியும்.

போன மாசியில் நான்கு ராத்திரி ரோட்டை மறித்தார்கள்.
கடைசி நடையை வளைவிலேயே நிறுத்தி
பஸ் முழுக்கப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள்.
மூன்றாம் ராத்திரி,
அவர்கள் கூட்டிவந்த ஆம்புலன்ஸ்
அவர்களுடைய வேன்களுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொள்ள,
அந்தப் பையனை என் கடைசி சீட்டில் கிடத்தினார்கள்.
நாயகனின் சட்டை, நாயகனின் விக்.
பாதம் மட்டும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
பக்கத்தில் யாருடையதோ இரண்டு பலாப்பழம்.
முட்டை லோடு ஏற்றியவன் மாதிரி ஒடித்து ஒடித்து இறக்கினேன்.
அவன் பல்லைக் கடித்தபடி
பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தான்,
பன்னெண்டு, பதினொண்ணு, பத்து.

பெயர் எட்வின் துரை.
பெரியாஸ்பத்திரி வாசலில் நம்பர் வாங்கிக்கொண்டான்.
“படம் வந்தா பாருங்கண்ணே.
மூஞ்சி தெரியாது. முதுகைப் பாருங்க.”

நாலாம் பாகம் வரும் என்று மிரட்டிவிட்டுப் படம் முடிந்தது.
பெயர்கள் ஓட ஆரம்பித்தன.
சண்டைக்காரர்களின் முறை வருவதற்குள்
விளக்கைப் போட்டு, திரையை அணைத்து,
துடைப்பத்தோடு ஆள் வந்துவிட்டார்.
நான் எழுந்திருக்கவில்லை.
காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன்.

வெளியே சாதிக்
டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் கூட்டி
எத்தனை தட்டுவடை செட் ஆகும் என்று
வகுத்துக்கொண்டிருந்தான்.
நான் போன் போட்டேன்.

“வந்துச்சாண்ணே?”
“வந்துச்சுப்பா. மூணு தடவை.”
அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது.
“மூணா? ஒருக்கதானேண்ணே விழுந்தேன்.
ஒண்ணுக்குத்தானே காசு குடுத்தாங்க.”

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
“மூணாவது தடவை நல்லா விழுந்திருந்தே” என்றேன்.