சுற்றுக் கணக்கு

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள்
நாராயணபுரத்தில் முதலில் திறந்தது என் கடை.
ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது,
குனிந்துதான் உள்ளே போனேன்.
மேஜைமேல் ஒரு தவளை
என்ன வேலையாக வந்தாய் என்பதுபோல் பார்த்தது.

மதியத்துக்குள் வாசலில் கூட்டம்.
ஆட்டோவில், மீன்பாடி வண்டியில், இடுப்பில்,
மூங்கிலில் தொங்கவிட்டு இரண்டு பேர் தோளில்
கிரைண்டர், மிக்ஸி, தண்ணி மோட்டார்,
ஒரு தையல் மிஷின் மோட்டார்.
எல்லோருக்கும் ஒரே கேள்வி:
"பிழைக்குமா?"
ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கிற அதே குரலில்.

கவிழ்த்துக் காட்டுவேன்.
ஒவ்வொன்றிலிருந்தும்
அரை டம்ளர் ஏரி வழியும்.

ராம்நகர் பத்மாசனி மேடம்
வாஷிங் மிஷினோடு கூடவே வந்தார்.
இன்னும் எட்டு மாதத் தவணை பாக்கியாம்.
போர்டு போச்சு மேடம் என்றேன்.
"உள்ளே இருக்கற துணி?"
கதவை நெம்பித் திறந்தேன்.
புயலுக்கு முந்தின ராத்திரி போட்டது,
இரண்டு பள்ளிச் சீருடை, ஒரு தலையணை உறை,
சேற்றில் ஊறி ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு.
வாளி கேட்டு வாங்கி அதில் எடுத்துப் போனார்.
மிஷினை விட்டுவிட்டார்.
வாளியும் திரும்பி வரவில்லை.

காயில் கட்டுவது பொறுமை வேலை.
கெட்டுப்போன செப்புக் கம்பியை வெட்டியெடுத்து
எடைக்குப் போட்டுவிட்டு
புதுக்கம்பியை விரலால் நீவி நீவிச்
சுற்றவேண்டும்.
ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும்
மோட்டார் காட்டிக்கொடுத்துவிடும்.
எழுபத்தாறு, எழுபத்தேழு...
நடுவில் யாராவது பேசினால்
அவிழ்த்து, மறுபடி ஒன்றிலிருந்து.

அந்த வாரம் எல்லோரும் பேசினார்கள்.
டோக்கன் எங்கே தருகிறார்கள்.
கரண்ட் எப்போது வரும்.
பால் பாக்கெட் எண்பது ரூபாய்க்கு விற்றவன்
எதிரே வந்தால் என்ன கேட்பது.
தன் பைக்கைத் தேடிப்போன ஆரோக்கியநாதன்
அது மூன்று தெரு தள்ளி
யாருடைய ஸ்கூட்டியையோ அணைத்துக் கிடந்ததை
நான்கு தடவை சொன்னான்.
நான்கு தடவையும் அவிழ்த்தேன்.

என் வீட்டைப்பற்றி யாரும் கேட்கவில்லை.
பின்தெரு, தரைத்தளம்.
பிளைவுட் அலமாரி உப்பிப்போய்
கதவை மூட விடமாட்டேன் என்கிறது.
கொடியில் கிளிப் மாட்டிய சாதிச் சான்றிதழ்
எல்.ஐ.சி. பத்திரத்தோடு காய்கிறது.
தவமணி எல்லாத் துணியையும் அலசிவிட்டாள்,
கல்யாணப் புடவை மட்டும் வாளியிலேயே கிடந்தது
சாயம் போனதைப் பார்க்க மனசில்லாமல்.
வீட்டுக்காரர் போனில் சொன்னார்:
நீங்களே வெள்ளையடித்துக்கொள்ளுங்கள்,
வாடகையில் பேசிக்கொள்ளலாம்.
அப்புறம் பேசவில்லை.

எங்கள் கிரைண்டரைக் கடைசி வரிசையில் வைத்திருந்தேன்.
காசு தராத வாடிக்கையாளர் காத்திருக்கட்டும் என்று.

பன்னிரண்டாம் நாள் இரவு
மகள் குழலி டார்ச் பிடித்துக்கொண்டாள்.
யாராவது ஷட்டர் பக்கம் வந்தால்
வாயில் விரல் வைத்துத் துரத்தினாள்.
நான் சுற்ற, அவள் எண்ண,
ஐம்பதைத் தாண்டியதும் அவளுக்குக் கொட்டாவி.
கொட்டாவியோடு எண்ணினாள்.
விடவில்லை.

மறுநாள் காலை கரண்ட் வந்தது, போனது, வந்தது.
கல்லுக்கு என்ன, அது அப்படியே இருந்தது.
முதல் ஈடு மாவில் ஏரி வாசம்,
வழித்துக் கொட்டினாள் தவமணி.
இரண்டாம் ஈடு
நாங்கள் மூவரும் மாறி மாறி முகர்ந்து பார்த்தோம்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள்,
வெள்ளத்தில் நான்கு நாள் எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள்,
ஐந்தாம் நாள்
சாப்பிடும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள்,
கையில் ஊறிய அரிசி, குண்டான் நிறைய.
"உங்களோடது ஓடுதாமே?"

தவமணி உடனே பதில் சொல்லவில்லை.
கல்லை ஒரு சுற்று பார்த்தாள்,
இன்னொரு சுற்று.

"வெச்சிட்டுப் போங்க," என்றாள்.
"எங்களுது வழிக்கட்டும்."