ஏழாவது கோரிக்கை

அலெக்ஸாண்ட்ரியா, வர்ஜீனியா. ஜனவரி.
ஆற்றில் பனிக்கட்டி நகரும் நேரத்தில்
மூன்று பேர் உட்கார்ந்து ஒரு மஞ்சளை விசாரிக்கிறோம்.
நடுவில் பிரஸ்காட், இருமலோடு.
வலப்புறம் ஒடெல்.
இடப்புறம் நான், ஆறிப்போன காப்பியோடு.

வழக்கு இதுதான்:
சிவப்பு, பச்சை, நீலம் போதாமல்
திரைக்கு நான்காவதாக ஒரு வெள்ளைப் புள்ளி.
அது ஒசாகாவில் பழைய செய்தி.
வெளிச்சம் மிஞ்சினால் பின்விளக்கைத் தணிக்கலாம்.
அது டேஜானில் பழைய செய்தி.
இரண்டையும் சேர்த்தவர் மார்வா டெமரே.
சேர்த்ததோடு நிற்காமல் ஒரு வரி கூட்டினார்:
தணிப்பதற்கு முன் மஞ்சளைக் கேள்.

"வெள்ளிடை மலை, கனம் நீதிபதிகளே"
என்று கையை விரிக்கிறார் எதிர்த்தரப்பு வக்கீல்.

எங்கள் சட்டத்துக்குள் ஓர் ஆள் இருக்கிறான்.
பெயரில்லை, வயதில்லை.
உலகத்துத் தாள்கள் எல்லாம் படித்தவன்,
கொரியத்தில் வந்த அடிக்குறிப்பு உட்பட.
எதையும் மறப்பதில்லை. எதையும் கனவு காண்பதுமில்லை.
சாதாரணத் திறமைசாலி என்று அவனுக்குப் பட்டம்.
அவனுக்குத் தோன்றியிருக்குமா? அவ்வளவுதான் கேள்வி.
தோன்றியிருக்கும் என்றால் காப்புரிமை செத்தது.
பதினான்கு வருடமாக அவன் மண்டைக்குள் குடியிருக்கிறேன்.
வாடகை அரசாங்கம் கட்டுகிறது.

சிரமம் என்னவென்றால்
விடை தெரிந்தபின் எந்த விடுகதையும் விடுகதை இல்லை.
முதல் நாள் இரவே நான் விடையைப் படித்துவிட்டேன்.
இனி படிக்காதவளாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.
என்னிடம் இருப்பதெல்லாம் பின்புத்தி.
அதை முன்வரிசையில் உட்காரவைத்துச் சம்பளம் வாங்குகிறேன்.

சாட்சி வருகிறார். முனைவர் ஹால்வர் ஸ்டென்செத்.
முப்பது வருடத் திரை அனுபவம். நல்ல டை.
"எந்தப் பொறியாளரும் இதைச் செய்திருப்பார்."
"நீங்கள் பொறியாளர்தானே?"
"ஆம்."
"இதே மாதிரித் திரையில் நான்கு வருடம் வேலை பார்த்தீர்கள்."
"ஆம்."
"செய்தீர்களா?"

பிரஸ்காட்டின் இருமல்கூட நின்றது.

பிறகு அவருடைய குறிப்பேடு சுவரில் விரிந்தது.
சான்று 1031. சாய்ந்த கையெழுத்து.
பனியில் டாக்ஸி, மறுபடி ஈர அட்டைப்பெட்டி நிறம்.
ஏன் என்று தெரியவில்லை.
கீழே ஒரு தேதி. அதற்கும் கீழே:
மஞ்சள் உள்ள படங்களைக் கண்காட்சியிலிருந்து
எடுத்துவிடவும்.

கதவைச் சாத்திய பிறகும் ஒடெல் அசையவில்லை.
"ஒருவருக்குத் தோன்றவில்லை என்பதால்
யாருக்குமே தோன்றாது என்றாகிவிடுமா?"
அதுவும் சரிதான்.
அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.
ஒன்று முதல் ஆறு வரை விழுந்தன, வருத்தமில்லை.
ஏழு மட்டும் நின்றது, இரண்டுக்கு ஒன்று.
எழுதும் வேலை என் தலையில்.

இரவு பதினொன்று.
"எளிதாகத் தோன்றினும்" என்று தொடங்கி, அழித்து,
"எளிது" என்ற சொல்லே இல்லாமல் தொடங்கப் பார்த்து,
எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன்.
கிங் தெருவில் பனிக்குள் ஒரு டாக்ஸி நிற்கிறது.
மஞ்சள்தான்.
ஆனால் இந்தத் தூரத்தில், இந்த விளக்கில்,
சத்தியம் செய்து சொல்லமாட்டேன்.