ஈரம்

பெருந்துறை. இரவு இரண்டே முக்கால்.
பைபாஸ் முடிந்து மூன்றாம் ராத்திரி
ஆறாம் படுக்கை செங்கோட்டுவேலுக்கு.
டிரெயின் குழாயில் சிவப்பு நின்றுவிட்டது.
நின்றது நல்லதுதானே
என்றது பாதி மனசு.
மூத்திரப் பையில் மணிக்குப் பதினைந்து மில்லி,
பிரஷர் எண்பது,
நாடி நூற்று முப்பதைத் தாண்டி ஓடுகிறது.

நேற்றுச் சாயங்காலம் இட்லியைத் தள்ளிவைத்துச் சொன்னார்:
"போர் வண்டில இருபத்தெட்டு வருசமுங்.
ஆயிரத்தி எரநூறு அடி போட்டும்
வெறும் பொகைதானுங் வந்துச்சு பல எடத்துல.
காசு வாங்கக் கை கூசும்.
வாங்கித்தானுங் ஆகோணும்."
இப்போது எழுப்பினால்
"சித்த நேரம் உட்டுருங் அம்மிணி" என்கிறார்.
உதடு வெளுத்திருக்கிறது.

பெரிய எக்கோ மெஷின் கீழ்த்தளத்தில், பூட்டிய அறையில்.
சாவி டெக்னீசியனிடம்,
டெக்னீசியன் பவானியில்.
என் கோட்டுப் பையில் இருப்பது
சோப்புக்கட்டி அளவு ஒரு கருவி,
போனில் செருகினால் விழிக்கும்.
போனில் பதினொரு சதவீதம்.
சார்ஜருக்கு ஓடிய கோகிலவாணியைத் திருப்பிக் கூப்பிட்டு
ஜெல் கேட்டேன்.

நெஞ்சு நெடுக பிளாஸ்திரி,
அதன் கீழே இரண்டு குழாய்.
அவற்றுக்கு இடையில் சாய்த்து அழுத்தினேன்.
"ஜில்லுனு இருக்குதுங்."
திரையில் சாம்பல் மூட்டம்.
புகை.
மணிக்கட்டை ஒரு நெல்லளவு திருப்ப
இதயம் வந்தது,
அதைச் சுற்றிக் கறுப்பு,
இரண்டு செண்டிமீட்டர் கறுப்பு.
வலது அறை விரியப் பார்க்கிறது,
விரியும் நேரத்தில்தான் குழிந்து போகிறது.

சர்ஜனுக்குப் படம் போனது.
இரண்டு நீலக் குறி.
பதில் எழுதவில்லை, அழைத்தார்:
"தியேட்டரைத் திறக்கச் சொல்."

தள்ளுவண்டி வாசலில் திரும்பும்போது
கண்ணைத் திறக்காமலே கேட்டார்:
"ஏனுங், தண்ணி இருக்குதுங்களா?"
தாகமாக இருக்கலாம்.
"இருக்குதுங்" என்றேன்.

நாலரைக்குச் செய்தி வந்தது:
அரை லிட்டருக்கு மேல் ரத்தம்,
ஒட்டுப்போட்ட நரம்பில் ஊசிமுனைக் கசிவு,
தைத்தாயிற்று, பிரஷர் நூற்றுப் பத்து.
கோகிலவாணி அந்தச் சின்னக் கருவியைத்
துடைத்து முத்தமே கொடுத்தாள்.

நான் கொடுக்கவில்லை.
ஆவணியில் ஒன்பதாம் படுக்கையில்
இதே கருவியை இப்படித்தான் சாய்த்தேன்.
தெளிவாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.
பின்பக்கம் உறைந்து கிடந்ததை அது காட்டவில்லை,
எனக்கும் தேடத் தோன்றவில்லை.
முத்தாயம்மாள், காங்கயம், ஐம்பத்தொன்று.

போன் அணைந்துவிட்டது.
விரலிடுக்கில் இன்னும் ஜெல்.
ஏழாம் படுக்கையின் டிரெயின் குழாயை
குனிந்து பார்க்கிறேன்.
சொட்டுகிறது.